கியர் சைக்கிள் தகராறு செய்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்

உரம், பூச்சிமருந்து, நாற்றங்கால் என்று பேச வேண்டிய நேரத்தில் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. இன்றைக்கும் பல வீடுகளில் விடியற்காலை பால் சொசைட்டிக்குப் போவது சைக்கிளில்தான். மோட்டார் கொட்டகைக்குப் போவதும், புல்லுக்கட்டு ஏற்றி வருவதும், பிள்ளைகள் டியூஷனுக்குப் போவதும் அதிலேதான். வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் சைக்கிளுக்கு வேலை குறையவில்லை.

பழைய சைக்கிளுக்கு நாமே வைத்தியர்கள். செயின் தொங்கினால் பின் சக்கரத்து நட்டைத் தளர்த்தி இழுத்து வைத்து முடுக்குவோம். பஞ்சர் ஒட்டுவோம். ஆனால் பிள்ளை அடம் பிடித்து வாங்கின கியர் சைக்கிள் இருக்கிறதே, அதன் எதிரில் நமக்குக் கை ஓடுவதில்லை. ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் 'கடகட' என்று சத்தம் போடும். மிதித்தால் செயின் துள்ளும். மேட்டில் கியர் மாற்றினால் மாறாது. மாறின பிறகு திரும்பி வராது. "கியர் போச்சுப்பா" என்று சொல்லி மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்துவிடுவார்கள். அப்புறம் அதில் கோழிதான் ஏறி உட்காரும்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் இப்படித்தான் ஆயிற்று. கடையில் விட்டார். பின் கியரை மாற்றினார்கள், லீவரை மாற்றினார்கள், பல்சக்கரத்தையும் மாற்றினார்கள். ஒரு மூட்டை நெல் விற்ற காசு போய்விட்டது. அடுத்த மழையில் மறுபடி அதே தகராறு. நான் போய்ப் பார்த்தபோது, கோளாறு இவை ஒன்றிலும் இல்லை. பின் சக்கரத்துப் பக்கம் வளைந்து போகும் ஒரு சாண் ஒயர் உறைக்குள் துரு. அந்த உறையும் பிரேக்குக்குப் போடுகிற உறை. மாற்ற வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சில பத்து ரூபாய்ச் சாமான்.

அதனால்தான் சொல்கிறேன், கியர் தகராறு என்றால் விலை கூடிய பாகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விலை குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். ஒயரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கமலை இறைத்த பெரியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மாடு வடத்தை இழுத்தால் சால் மேலே வரும். மாட்டைப் பின்னுக்குத் தள்ளினால் சால் தன் கனத்திலேயே கிணற்றில் இறங்கும். கீழே இறக்குவதற்குத் தனியாக ஒரு மாடு வேண்டியதில்லை. கியரும் அப்படியே. கைப்பிடியில் இருக்கும் லீவர்தான் மாடு. ஒயர் வடம். பின் சக்கரத்துக்கு அருகில் இரண்டு சின்னச் சக்கரங்களோடு தொங்குகிறதே, அதுதான் பின் கியர். லீவர் ஒயரை இழுத்தால் பின் கியர் உள்பக்கம் நகர்ந்து செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும். மிதிப்பது லேசாகும். ஒயரை விட்டால் பின் கியரில் இருக்கும் ஸ்பிரிங்கே அதை வெளிப்பக்கம் இழுத்துவந்து சின்னப் பல்சக்கரத்தில் இறக்கும். மிதிப்பது கனக்கும், வேகம் வரும்.

இது மனதில் இருந்தால் பாதிக் கோளாறை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். பெரிய சக்கரத்துக்கு ஏற மறுக்கிறதா? ஒயர் தொய்ந்திருக்கிறது. சின்னச் சக்கரத்துக்கு இறங்க மறுக்கிறதா? ஒயர் உறைக்குள் பிடிக்கிறது. ஸ்பிரிங்கால் அதை இழுக்க முடியவில்லை. கிணற்று உருளை துருப்பிடித்தால் வெறும் சால் இறங்காமல் நிற்குமே, அந்தக் கதைதான்.

இப்போது சோதித்துப் பார்ப்போம். பின் சக்கரம் தரையில் படாமல் சைக்கிளைத் தூக்கி நிறுத்த வேண்டும். வேப்பமரக் கிளையில் கயிறு போட்டு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஒருவர் பெடலைக் கையால் முன்பக்கமாக மெதுவாகச் சுற்றட்டும். கியரை மிகச் சின்னப் பல்சக்கரத்தில் வையுங்கள். சைக்கிளின் பிரேம் ஓரமாக ஒயர் உறையில்லாமல் வெறுமனே ஓடும் இடம் ஒன்று இருக்கும். அந்த வெறும் ஒயரை இரண்டு விரலால் பிடித்து, பிரேமை விட்டு வெளியே இழுங்கள். செயின் ஒவ்வொரு சக்கரமாக ஏறும். ஒயரை விடுங்கள். செயின் 'டக் டக்' என்று சட்டென இறங்கி வந்துவிட்டால், அந்த இடத்திலிருந்து பின்பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது. கோளாறு லீவர் பக்கம். செயின் தயங்கித் தயங்கி இறங்கினாலோ, இறங்காமல் நின்றுவிட்டாலோ, கோளாறு பின்பக்கம். பெரும்பாலும் பின் சக்கரத்தைச் சுற்றி வளையும் அந்தக் கடைசி உறையில்தான் இருக்கும். சேறும் தண்ணீரும் முதலில் போய்ச் சேருவது அங்கேதான்.

ஒயருக்கு இரண்டு பாகம். உள்ளே ஓடும் கம்பிக்குக் கடையில் இன்னர் என்று பெயர், மேலே போர்த்திய உறைக்கு அவுட்டர். உறையில்தான் நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி தப்பு நடக்கிறது, கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பிரேக் உறைக்குள் இருப்பது ஸ்பிரிங் மாதிரி சுற்றிய பட்டைக் கம்பி. கியர் உறைக்குள் இருப்பது நீளவாக்கில் நேராக ஓடும் மெல்லிய கம்பிகள். வெளியே பார்த்தால் இரண்டும் கறுப்புக் குழாய்தான். ஆனால் சுற்றுக் கம்பி உறை இழுக்கும்போது கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், ஹேண்டில்பாரைத் திருப்பினால் நீளம் மாறும். பிரேக்குக்கு அது பெரிதல்ல. கியருக்கு அது ஆகாது. ஏழு பல்சக்கர வண்டியில் லீவரில் ஒரு 'கிளிக்' அடித்தால் ஒயர் நகர்வது சுமார் 3 மில்லிமீட்டர், தடித்த நெல்லின் அகலம்தான். அந்த நெல் அகலத்தையும் உறை விழுங்கிவிட்டால் பின் கியருக்குப் போய்ச் சேர என்ன இருக்கிறது?

இதை மாற்றிச் செய்வது அதைவிட மோசம். கியர் உறையை எடுத்து பிரேக்குக்குப் போடவே கூடாது. நேர்க் கம்பி உறை பிரேக்கின் இழுப்பைத் தாங்காது. அவசரத்தில் அழுத்தும்போது பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு கம்பிகள் வெளியே வந்துவிடும். பிரேக் அந்த நிமிஷமே போய்விடும். கடையில் ஒயர் வாங்கும்போது "கியருக்கா, பிரேக்குக்கா" என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். வெட்டின முனையைப் பார்த்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

மாற்றும் முறை கஷ்டமில்லை. கியரைச் சின்னப் பல்சக்கரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒயர் தொய்வாக இருக்கும். பின் கியரில் ஒயரைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். தளர்த்துவதற்கு முன் ஒயர் வாஷருக்குக் கீழே எந்தப் பக்கமாகப் போகிறது, எந்தக் காடியில் படிந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கிற போன் இருந்தால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு சந்தேகமே வராது. பழைய கம்பியை லீவர் பக்கமாகத் தள்ளினால் அதன் தலைக் குண்டு வெளியே வரும். கியர் கம்பியின் தலைக் குண்டு சிறியது, பிரேக் கம்பியினுடையது பெரியது. கம்பியும் பிரேக் கம்பியைவிட மெல்லியது. எனவே பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

புது உறையைப் பழைய உறையின் நீளத்துக்கே வெட்டுங்கள். வெட்டின வாய் நசுங்கியிருந்தால் ஊசியால் குத்தித் திறந்து, அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். இரண்டு முனைக்கும் தொப்பி போட வேண்டும். தொப்பியில்லாத உறை முனை நாளாக ஆகப் பிரிந்து உள்ளே போகும். நீங்கள் கியரை எத்தனை தடவை சரி பண்ணினாலும் மறுநாள் மாறிவிடும். இன்னரில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி உள்ளே விடுங்கள். கிரீஸ் வேண்டாம், குளிர்காலத்தில் இறுகி இழுக்கும்.

ஒயரை போல்ட்டில் கவ்வுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒயர் பின் கியருக்குள் நுழையும் இடத்தில் அல்லது லீவரிலிருந்து வெளியேறும் இடத்தில் பீப்பாய் மாதிரி ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை முழுக்க உள்ளே திருகிவிட்டு, ஒரு சுற்று வெளியே விடுங்கள். பிறகு ஒயரைக் கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்குங்கள். குறடு வைத்து வலிந்து இழுக்க வேண்டாம்.

இப்போது பெடலைச் சுற்றியபடி லீவரில் ஒரே ஒரு கிளிக். செயின் சின்னச் சக்கரத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏற வேண்டும். ஏறத் தயங்கினால் பீப்பாய்த் திருகை வெளியே வருகிற மாதிரி அரைச் சுற்று திருகுங்கள். ஒயர் விறைக்கும், ஏறும். மாறாக, இரண்டாவதில் இருந்துகொண்டே மூன்றாவது சக்கரத்தில் உரசிக் கரகரத்தால் கால் சுற்று உள்ளே திருகுங்கள். அவ்வளவுதான். கையால் திருகுகிற இந்தப் பீப்பாய்க்கு ஸ்பேனர்கூட வேண்டாம். புது ஒயர் போட்ட இரண்டு மூன்று வாரத்தில் உறைகளும் தொப்பிகளும் நன்றாக உட்கார்ந்து கொஞ்சம் தொய்வு கொடுக்கும். மறுபடி அரைச் சுற்று விடுங்கள். "புதுசா மாத்தியும் சரியில்லே" என்று அப்போது மனம் சலிக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. பின் கியரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அநேகமாக ஹெச், எல் என்று இங்கிலீஷ் எழுத்துப் போட்டிருக்கும். கியர் சரியாக மாறவில்லை என்றதும் பலரும் திருப்புளியை எடுத்துக்கொண்டு நேரே இதற்குத்தான் போவார்கள். தப்பு. இவை கியரை மாற்றுகிற ஸ்க்ரூ அல்ல. நம் நிலத்துக்கு இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டிருக்கிறோமே, அது போன்றவை. வெளிப்பக்கம் சின்னச் சக்கரத்தைத் தாண்டிப் போகாதே என்று சொல்வது ஹெச். உள்பக்கம் பெரிய சக்கரத்தைத் தாண்டிப் போகாதே என்று சொல்வது எல். நடுவில் இருக்கும் சக்கரங்களுக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

எல் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டால் என்ன ஆகும்? பெரிய சக்கரத்துக்குப் போக வேண்டிய செயின் அதையும் தாண்டி, பல்சக்கரத்துக்கும் போக்ஸ் கம்பிக்கும் நடுவில் விழும். சில சமயம் பின் கியரே போக்ஸ் கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும். ஓடுகிற சக்கரம் அப்படியே நிற்கும். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பையன் பத்து லிட்டர் பால் கேனோடு வாய்க்கால் பாலத்து மேட்டில் லேசு கியருக்கு மாற்றினான். முந்தின நாள்தான் அவனே அந்த ஸ்க்ரூவைத் திருகியிருந்தான். பின் கியர் போக்ஸுக்குள் போய்ச் சக்கரம் இறுகிவிட்டது. பால் வாய்க்காலில் போனது பெரிதல்ல, பையனுக்கு மணிக்கட்டு முறிந்து அந்த அறுவடை முழுக்கக் கை கட்டில்தான். பின்னாலேயே லாரி வருகிற ரோடாக இருந்திருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே இந்த ஸ்க்ரூக்களைத் தொட வேண்டியது எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதுப் பின் கியர் போட்டபோதும், புதுப் பல்சக்கரம் போட்டபோதும், செயின் ஏதாவது ஒரு ஓரத்தைத் தாண்டி விழுகிறபோதும் மட்டும். சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து நேராகப் பாருங்கள். சின்னச் சக்கரத்தில் செயின் இருக்கும்போது பின் கியரின் மேல் சின்ன உருளை அந்தச் சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். அதற்கு ஹெச். பிறகு பெடலைச் சுற்றிக்கொண்டே, பின் கியரைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளிப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றுங்கள். உருளை அதற்கு நேர் கீழே வந்ததும் மேற்கொண்டு தள்ளினாலும் நகரக் கூடாது. அதற்கு எல். கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். கையால் தள்ளிச் சோதித்த பிறகுதான் லீவரைத் தொட வேண்டும்.

பின்னால் குந்தினபடியே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பின் கியரின் இரண்டு சின்ன உருளைகளும் மேலும் கீழுமாக ஒரே நேர்கோட்டில், பல்சக்கரத்துக்கு இணையாகத் தொங்குகின்றனவா? கீழ் உருளை போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால், பின் கியரைத் தாங்கும் பட்டை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். சைக்கிள் வலது பக்கமாக விழுந்தாலோ, மினி லாரியில் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினாலோ இது நடக்கும். பட்டை வளைந்தால் எந்த ஒயரும் எந்தத் திருகும் கியரைச் சரியாக்காது. நாற்றங்கால் மட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கமாகத்தானே நிற்கும்? விலை குறைந்த சைக்கிள்களில் பட்டை தனித் துண்டு. பின் அச்சு நட்டோடு சேர்த்து முடுக்கியிருக்கும். கழற்றி வைஸில் வைத்து நிமிர்த்தலாம், புதிதாகவும் வாங்கலாம். இரும்புப் பிரேமோடு சேர்ந்ததாக இருந்தால் பொறுமையாக நிமிர்த்தலாம். அலுமினியம் என்றால் வீட்டில் விளையாட வேண்டாம், வெடித்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் செயின் துள்ளுகிறதா? அப்படியானால் செயினைப் பாருங்கள். பெடலை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே கீழ் உருளையைக் கவனியுங்கள். ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் விறைத்துக்கொண்டு வந்து உருளையில் ஏறி இறங்கினால், அது இறுகிய கண்ணி. எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இடது வலதாக லேசாக வளைத்துக் கொடுங்கள். இளகிவிடும். இதற்குப் புதுச் செயின் வேண்டாம்.

அது இல்லையென்றால் செயின் தேய்ந்திருக்கலாம். தச்சரிடம் இருக்கும் இரும்பு அடிக்கோலைக் கேட்டு வாங்குங்கள். செயினின் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம். ஓர் ஆணியின் நடுவில் அடிக்கோலின் தொடக்கத்தை வைத்து, செயினை விறைப்பாகப் பிடித்து, இருபத்து நாலாவது ஆணியைப் பாருங்கள். 12 அங்குலத்திலேயே இருந்தால் செயின் நல்லது. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் அந்தச் செயின் பல்சக்கரத்தையும் தின்றுவிட்டது. இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நிற்காது. எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவும். முழங்கால் ஹேண்டில்பாரில் அடிக்கும். பதினாறில் ஒரு பங்கிலேயே செயினை மாற்றிவிட்டால் பல்சக்கரம் இரண்டு மூன்று செயின் காலம் உழைக்கும். இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் செலவு இரட்டிக்கும்.

சாதாரண சைக்கிள் செயினை கியர் வண்டிக்குப் போட முடியாது. அது அகலம். கியர் செயின் ஒடுக்கம். பழைய செயினில் எத்தனை கண்ணியோ அத்தனையே புதியதிலும் இருக்கட்டும். தேய்ந்து நீண்ட பழைய செயினைப் பக்கத்தில் வைத்து அளந்து வெட்டாதீர்கள், கண்ணியை எண்ணி வெட்டுங்கள்.

பின் பல்சக்கரக் கொத்தை ப்ரீவீல் என்கிறோம். விலை குறைந்த வண்டிகளில் அது ஹப்பில் மரையேற்றித் திருகியிருக்கும். நாம் மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். ஒற்றைச் சக்கர ப்ரீவீலை உளி வைத்துத் தட்டிக் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இதை அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் காடி சிதைந்து, பிறகு சரியான சாவியும் பிடிக்காது. அதற்கென்றே பற்கள் வைத்த சாவி உண்டு. சாவியை வைஸில் பிடித்து, மேலே சக்கரத்தைக் கவிழ்த்து மாட்டி, ஸ்டியரிங் மாதிரி சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும். இது கடை வேலை. புதியதைப் போடும்போது மரையில் கிரீஸ் தடவிக் கையாலேயே திருகி ஏற்றச் சொல்லுங்கள். மரை தப்பி ஏறினால் ஹப்பே போய்விடும். பழையதில் ஏழு சக்கரம் இருந்தால் புதியதிலும் ஏழு. லீவரின் கிளிக்குகளும் சக்கரங்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும்.

பின் கியரையே மாற்ற வேண்டியது எப்போது? அதன் கீழ்ப்பாகத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மூட்டுகளில் லொடலொடவென்று ஆடினால், அல்லது போக்ஸில் மாட்டி முறுக்கியிருந்தால் மாற்றுங்கள். உருளைப் பற்கள் முள் மாதிரி கூராகியிருந்தால் உருளை மட்டும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். லீவர் கெட்டால் அதே கிளிக் லீவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிளிக் இல்லாமல் வழவழவென்று நகரும் லீவர் கிடைத்தால், கிராமத்துக்கு அதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். கிளிக் வைத்த முறையை ஜப்பான் நாட்டு ஷிமானோ கம்பெனி 1984-ல் கொண்டுவந்து பரப்பியது. அதற்கு முன் பந்தயக்காரர்கள்கூடக் காதால் கேட்டுத்தான் லீவரை நகர்த்தினார்கள். பிரான்ஸ் நாட்டைச் சுற்றி நடக்கும் பெரிய பந்தயத்தில் 1937 வரைக்கும் இந்த மாதிரி கியரையே அனுமதிக்கவில்லை. மலை வந்தால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறினார்கள். கிளிக் இல்லாத லீவருக்கு ஒயர் கொஞ்சம் தொய்ந்தாலும் கவலையில்லை. சத்தம் நிற்கிற வரை நகர்த்திக்கொள்ளலாம்.

முன் பக்கம் பெடலோடு இருக்கும் மூன்று சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சமவெளிக்காரர்களுக்கு நடுச் சக்கரம் ஒன்றே போதும். அதில் 34 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை என்றால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று முதல் ஒன்றேகால் சுற்று வரை போகும். வரப்பு ரோட்டுக்கும் ஏரிக்கரை மேட்டுக்கும் இது தாராளம். மலைப் பக்கத்து அன்பர்களுக்குத்தான் சின்னச் சக்கரம் தேவைப்படும்.

வழியில் ஒயர் அறுந்துவிட்டால் செயின் சின்னச் சக்கரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மிதிக்கக் கனக்கும். தொங்கும் ஒயரைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பின் கியரைக் கையால் ஒரு சக்கரம் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு ஹெச் ஸ்க்ரூவை உள்ளே முடுக்குங்கள். செயின் இரண்டாவது சக்கரத்தில் நிற்கும். வீடு வந்து சேரலாம். ஒயர் மாற்றும்போது ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

எண்ணெய் விஷயம். தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும். டிராக்டரில் வடித்த பழைய ஆயிலில் ஏற்கெனவே கரியும் தூளும் கிடக்கிறது. இரண்டும் வேண்டாம். கொஞ்சம் டீசலைத் துணியில் நனைத்துச் செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டாக மெல்லிய எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். மேலே இருக்கும் எண்ணெய் புழுதியைத்தான் சேர்க்கும். பம்புசெட் தொட்டிக்குள் சைக்கிளை இறக்கிக் கழுவுகிற பழக்கத்தை கியர் வண்டிக்கு விட்டுவிடுங்கள். ஹப்பிலும் ப்ரீவீலிலும் ஒயர் உறையிலும் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது.

ஓட்டுகிற பிள்ளைகளிடம் இரண்டு சொல்ல வேண்டும். நின்ற வண்டியில் லீவரைத் திருகாதே. பெடல் சுற்றும்போதுதான் மாற்று. மேடு வந்து முக்கி மிதிக்கும்போது மாற்றாதே. மேடு வருவதற்கு முன்னாலேயே மாற்றிவிட்டு, மாறுகிற நேரம் காலை லேசாக்கு. பஞ்சர் கடையில் பின் சக்கரத்தைக் கழற்றப் போகிறார் என்றால் முதலில் சின்னப் பல்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுவந்து கொடுங்கள்; கழற்றவும் மாட்டவும் சுலபம். திரும்ப மாட்டினதும் சக்கரம் இரண்டு பக்கமும் பிரேமுக்குச் சம தூரத்தில் நேராக நிற்கிறதா என்று பார்த்துத்தான் பணத்தை எடுக்க வேண்டும். சக்கரம் கோணலாக உட்கார்ந்த வண்டியைக் கியர் கெட்டுவிட்டது என்று கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் விட்டே ஆக வேண்டும் என்றால் "கியர் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். "பெரிய சக்கரத்துக்கு ஏறுது, சின்னதுக்கு இறங்க மாட்டேங்குது, பின்பக்க அவுட்டரைப் பாருங்க தம்பி" என்று சொல்லுங்கள். மாற்றின சாமான் எதுவானாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.